தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகு

விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் மனம் லேசாகிவிடும் என்று எண்ணியிருந்த என் தங்கை, மறுநாள் காலையில் எழுந்திருக்கவே தெம்பில்லாமல் கிடந்தாள். வாய்தா வாய்தாவாக இழுத்துப் பிடித்திருந்த உடம்பு அப்போதுதான் தளர்கிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதல் சில மாதங்களில் வேலையை விடுவது, மறுமணத்துக்குச் சம்மதிப்பது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள். உறக்கமே வராத நிலை நீடித்தாலோ, வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைதூக்கினாலோ, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸின் எண்ணான 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டு காகித வேலைகளைத் தொடங்குங்கள். வங்கிக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் நியமனதாரராக (நாமினியாக) இருக்கும் முன்னாள் துணைவரின் பெயர், நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை அப்படியேதான் இருக்கும். பெண்ணுக்குச் சீதனமாக வந்த நகையும் பாத்திரமும் அவளுக்கே உரியவை என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே கூறிவிட்டது. பட்டியலிட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். குடும்ப அட்டையில் பெயரை நீக்கிப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தன் புகைப்படத்தோடு, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரோடு அட்டை வந்த நாளில், அதைக் காட்டி வாங்கிய சர்க்கரையில் தங்கை கேசரி கிளறினாள். இரண்டாண்டுகளில் அவள் தானாக அடுப்படிக்குப் போய் இனிப்புச் செய்தது அன்றுதான். தன்மதிப்பு என்பது அறிவுரை கேட்டு வருவதைவிட, இப்படித் தன் கையால் முடித்த காரியங்களின் வழியாகவே அதிகம் திரும்பி வருகிறது என்பது நான் கண்டது.

குழந்தைகள் விஷயத்தில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று குழந்தை உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே, "இது நாங்கள் இருவரும் எடுத்த முடிவு, உன்னால் நேர்ந்தது அன்று" என்று ஒருமுறையல்ல, பலமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜீவனாம்சப் பாக்கியைக் கேட்டுவரும் தூதாகக் குழந்தையை ஒருபோதும் அனுப்பாதீர்கள். தங்கை மகள் சனிக்கிழமைதோறும் பல்துலக்கும் பிரஷ்ஷைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்புவாள். அங்கேயே இன்னொரு பிரஷ்ஷும் தலையணையும் வாங்கி வைத்த பிறகு, விருந்தாளிபோல ஒடுங்கி உட்காருவது அவளிடம் குறைந்தது. சந்திக்கும் நாளையும் நேரத்தையும் மாற்றாமல் காப்பாற்றுங்கள். வகுப்பாசிரியரிடம் சுருக்கமாகச் சொல்லிவைப்பதும் நல்லது.

உறவினர்களைப் பொறுத்தவரை, 'வாழாவெட்டி' என்ற சொல் இன்றும் சில வாய்களில் மிச்சமிருக்கிறது. அதற்கு வாழ்க்கைக் கதையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; "அது முடிந்துவிட்டது அத்தை, நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்ற ஒரே வாக்கியம் போதும். வீட்டு விசேஷங்களில் ஆரத்தி எடுக்க அழைக்கத் தயங்குவார்கள் என்று தெரிந்தால், பத்திரிகை வந்தவுடனேயே அண்ணனிடமோ அண்ணியிடமோ பேசி, தட்டு உங்கள் கைக்கு வருவதை உறுதிசெய்துகொள்ளுங்கள்; மண்டபத்துக்குப் போன பிறகு அதைக் கேட்பது கடினம்.