ஓலைச்சுவடிகளை மின்படியாக்குவதில் நேரும் தவறுகள்

ஓலைச்சுவடியைப் படமெடுத்துக் கணினிக் கோப்பாக்கும்போது, சுவடிக்கட்டின் கயிற்றை அவிழ்த்த கையோடு கேமராவைத் தூக்குவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கே தொடங்குகிறது. அவிழ்ப்பதற்கு முன்பே கம்பையோடு (மேலும் கீழும் வைக்கும் மரச்சட்டம்) சுவடிக்கட்டை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுங்கள். பிறகு ஏடுகளை எண்ணி, நீள அகலம் அளந்து, முறிந்தவை, ஒட்டிக்கொண்டவை, பூச்சி அரித்தவை எவையென்று குறித்துவையுங்கள். ஒட்டிய ஏடுகளை நகத்தால் பிரிக்கவே கூடாது. சுவடிகளைச் செப்பனிடும் பாதுகாப்பாளர் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

ஏடுகள் இடம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கட்டில் இருந்த வரிசையிலேயே எடுங்கள். சரியான வரிசையைப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். நாமாக மாற்றி அடுக்கி, அது தவறாகிப்போனால் பழைய வரிசையை மீட்க வழியே இல்லை. எழுதாத ஏடுகளையும் விடாதீர்கள்.

ஏட்டெண்ணைப் படிப்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஓரத்தில் இருக்கும் ‘க’ எழுத்தல்ல, 1. ‘எ’ 7, ‘அ’ 8. 25 என்பது ௨௰௫, அதாவது இரண்டு பத்து ஐந்து. அதேபோல, முதல் ஏட்டில் கண்ட தலைப்பைக் கட்டு முழுமைக்கும் போட்டுவிடுகிறார்கள். வைத்தியத்துக்குப் பின்னால் சோதிடமும் தலபுராணமும் ஒரே கட்டில் இருக்கலாம். புள்ளியில்லாத, குறில் நெடில் வேறுபடாத எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உடனிருந்தால்தான் பட்டியல் நம்பத்தக்கதாக இருக்கும்.

வளைந்த ஏட்டைத் தட்டை ஸ்கேனரின் மூடியால் அழுத்தினால் விரிசல் விடும். மேலிருந்து நோக்கும் கேமராவே ஏற்றது. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 படப்புள்ளி (பிக்சல்) அகலம் கொண்டது, 40 செ.மீ. ஏடு அதை முழுவதும் நிரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 380 புள்ளி கிடைக்கும். ஏடு அதைவிட நீளமென்றால் இரண்டு பகுதியாக, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுங்கள். ஒரே படத்தில் நான்கு ஏடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பதால் தெளிவு குறையாது. ஆனால் மறுபக்கம் திருப்பும்போது வரிசை மாறிவிடும் ஆபத்து பெரிது. பழகாத குழுவுக்கு ஒரு படத்தில் ஓர் ஏடே நல்லது. அளவுகோலும் நிறத்தை ஒப்பிட உதவும் வண்ண அட்டையும் ஏட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மேலே வேண்டாம்.

எழுத்தாணியால் கீறி மையேற்றாமல் விட்ட எழுத்து தெரியவில்லையென்று அவசரப்பட்டுக் கரி பூசாதீர்கள். ஒரு விளக்கை மட்டும் பக்கவாட்டில் தாழ வைத்தால், கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். ஏட்டைப் பாதுகாக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிய ஈரத்தோடும் எடுக்கக் கூடாது. பளபளப்பு எழுத்தை மறைக்கும்.

சேமிப்பிடத்தைக் குறைத்துக் கணக்கிடுவது பணிகளைப் பாதியில் நிறுத்துகிறது. 24 மெகாபிக்சல் படம், சுருக்காத 8 பிட் டிஃப் (TIFF) கோப்பாக, 72 எம்பி பிடிக்கும். 100 ஏட்டுக்கு 200 படம், ஏறத்தாழ 14 ஜிபி. மூன்று நகல்களுக்கு 43 ஜிபி. அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். சுருக்கிய ஜேபெக் (JPEG) கோப்பை வாசகருக்குக் கொடுக்கலாம், மூலக்கோப்பாக வைக்கக் கூடாது. கோப்புப் பெயரில் எண்ணை 0001 என்று நான்கு இலக்கமாகப் போடுங்கள். வெறும் 1, 2 என்றால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். நகலெடுத்ததும் சரிபார்ப்பு எண்ணை (checksum, கோப்பு மாறாமல் நகலாயிற்றா என்று காட்டும் எண்) ஒப்பிட்ட பிறகே கேமரா அட்டையை அழிக்கலாம்.

கட்டை மீண்டும் கட்டுவதற்குமுன் ஏடுகளை எண்ணி, படங்களின் எண்ணிக்கையோடு பொருத்துங்கள். கயிற்றைத் தளர்வாகவே கட்டுங்கள். இறுக்கினால் துளையோரம் கிழியும்.