இக்யூஎஸ்ஸா, ஐ7-ஆ: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

சித்தப்பா கையில் இரண்டு மின்சாரக் கார்களின் கையேடுகள். ஒன்று மெர்சிடஸ் இக்யூஎஸ் 580, இன்னொன்று பிஎம்டபிள்யூ ஐ7. "ஒருமுறை சார்ஜ் போட்டால் இக்யூஎஸ் 857 கிலோமீட்டர் போகுமாம், ஐ7 625தானாம். அப்புறம் என்னடா யோசனை?" என்றார்.

பலரும் சறுக்குவது இங்கேதான். 857 என்பது நம் ஊரில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அராய் அமைப்பின் சோதனையில் வந்த எண். அதில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. 625 என்பது ஐரோப்பாவில் பின்பற்றும் டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையின் கணக்கு. அதில் 130 வரை போகும். ஒன்றைப் படியிலும் இன்னொன்றை ஆழாக்கிலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்கிற மாதிரி. டபிள்யூஎல்டிபியிலேயே இரண்டையும் அளந்தால் இக்யூஎஸ்தான் முந்தும், ஆனால் அந்த 230 கிலோமீட்டர் இடைவெளியில் பாதிகூடத் தேறாது. பெங்களூரு சாலையில் ஏசி போட்டு 110-ல் போகிறவருக்கு எந்தக் கையேட்டு எண்ணும் கிடைக்காது.

பேட்டரியிலும் இதே குழப்பம். ஐ7-இன் பேட்டரியில் அடங்கும் மொத்த மின்சாரம் 105.7 கிலோவாட் அவர் (நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான்), ஓட்டத்துக்குக் கிடைப்பது 101.7. இக்யூஎஸ்ஸின் 107.8 என்பது ஓட்டத்துக்குக் கிடைப்பது. எந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கழித்தல் போடுங்கள்.

சார்ஜிங் வேகம் 200 கிலோவாட்டா 195-ஆ என்று மல்லுக்கட்டுவது வீண். வழியில் கிடைப்பது 60 கிலோவாட் சார்ஜர் என்றால், 10-லிருந்து 80 சதவீதம் ஏற இரண்டுக்குமே எழுபது நிமிடத்துக்குக் குறையாது. அதைவிட, வீட்டில் த்ரீ பேஸ் இணைப்பு இருக்கிறதா, 11 கிலோவாட் சார்ஜரைத் தாங்குமா என்று ஈபி ஆபீஸில் முதலில் கேட்டுவிடுங்கள்.

விலை விஷயத்துக்கு வருவோம். இக்யூஎஸ் 2022-இல் 1.55 கோடிக்கு வந்தது, புனே பக்கம் சாக்கனில் பாகங்களைப் பூட்டித் தயாரித்தது. ஐ7 2023 ஜனவரியில் 1.95 கோடி, முழுசாக ஜெர்மனியிலிருந்து இறக்குமதி. (செங்கல்பட்டு பக்கத்திலேயே பிஎம்டபிள்யூ ஆலை இருந்தும்!) அந்த 40 லட்சத்தில் சுங்கவரிக்குப் பெரிய பங்குண்டு. அவ்வளவும் தரத்தின் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, ஓட்டிப் பார்த்துவிட்டு மட்டும் முடிவெடுப்பது. இந்த ரகக் காரில் காசு கொடுத்தவர் பெரும்பாலும் பின்சீட்டில்தான் உட்காருவார். சித்தப்பாவுக்கு முட்டிவலி, கட்டுவது வேட்டி. தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் கால் வைக்கும் இடம் உயர்ந்து, முட்டி மேலே தூக்கிக்கொள்கிறது. இக்யூஎஸ்ஸில் காற்றைக் கிழிக்கக் கூரையைச் சரித்திருக்கிறார்கள். குனிந்து ஏறியவர் இறங்கும்போது முனகினார். ஐ7-இல் மேலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரையைப் பார்த்துச் சொக்கிப்போனார். திரை இறங்கினால் டிரைவருக்குக் காருக்குள் இருக்கும் கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் தெரியாது என்று நான் சொன்னது காதில் விழவில்லை.

டிக்கியையும் திறந்து பாருங்கள். இக்யூஎஸ்ஸில் பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும். 610 லிட்டர் இடம், ஆனால் திறந்ததும் மே மாத வெயில் நேராகப் பின்சீட்டுக்கு வரும். ஐ7-இல் 500 லிட்டர்தான்.

வீட்டுக்கு வந்து போர்டிகோவை டேப் பிடித்து அளந்தோம். சுவரிலிருந்து கேட் வரை 5.3 மீட்டர். இக்யூஎஸ்ஸின் நீளம் 5.22, ஐ7, 5.39. சித்தப்பா கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட்டார்.