தைப்பட்டக் கொல்லைத் தோட்டம்: பங்குனி வெயிலுக்கு முன் செடியை வேரூன்ற வைப்பது

ஆடிப்பட்டத்துக்கு உள்ள பேர் தைப்பட்டத்துக்குக் கிடையாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு இருபது அடி மண் வைத்திருப்பவருக்குத் தைதான் வாகான மாதம். வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரம் மண்ணின் அடியில் இன்னும் இருக்கும். பகல் வெயில் இளஞ்செடியைச் சுடாது. விதை அழுகும் அளவுக்கு மழையும் இருக்காது. இந்தப் பட்டத்தில் கெட்டுப்போகும் தோட்டங்கள் பெரும்பாலும் உரம் போதாமல் கெடுவதில்லை, விதை தாமதமாக விழுந்ததால்தான் கெடுகின்றன. பங்குனி பிறக்கும்போது வேர் அரை அடிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், மண்ணுக்கு மேல் மூடாக்கு, அதாவது காய்ந்த இலை, வைக்கோல் போர்வை, விழுந்திருக்க வேண்டும். மற்ற எல்லா வேலையையும் இந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வையுங்கள்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளிக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பட்டமும் வேறு, பயிரும் வேறு.

எதை, எப்போது

வெண்டை விதைத்த 40 நாள் வாக்கில் பூக்கும். 45 முதல் 50 நாளில் முதல் காய் வரும். தை முதல் வாரத்தில் ஊன்றினால் மாசி முடிவதற்குள் பறிக்கத் தொடங்கலாம். அதே விதையைப் பங்குனியில் ஊன்றினால் வெள்ளை ஈ பெருகும் நேரத்தில் இளஞ்செடி மாட்டிக்கொள்ளும். வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் நான்கு இலைப் பருவத்தில் தொற்றினால் அந்தச் செடி உருப்படியாகக் காய்க்காது. வளர்ந்து காய்ப்புக்கு வந்த செடி என்றால் கொஞ்சமாவது தாங்கும்.

தக்காளிக்கு நாள் இன்னும் முக்கியம். பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவிலும் 24 டிகிரிக்குக் குறையாமல் இருந்தாலோ மகரந்தம் வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். எந்த டானிக் தெளித்தாலும் இது மாறாது. அதனால் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் மார்கழியிலேயே குழித்தட்டில் நாற்று விட்டு, தை முதல் பாதிக்குள் நட்டுவிட வேண்டும். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் வயது போதும். மார்கழியைத் தவறவிட்டவர்கள் தையில் விதைத்துக் காத்திருக்காமல் நாற்றுப் பண்ணையில் நாற்று வாங்கி நடுவதே சரி.

பாகல், பீர்க்கை, புடலை, சுரை, பூசணி, வெள்ளரி, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகியவற்றைத் தை, மாசி இரண்டிலும் ஊன்றலாம். கீரை எப்போதும் வரும். கொடி அவரையை மட்டும் இப்போது போடாதீர்கள். நாட்டுக் கொடி அவரை பகல் நேரம் குறையும் காலத்தில்தான் பூக்கும். தையில் போட்டால் பந்தல் நிறையக் கொடியும் இலையும் இருக்கும், பூ இருக்காது. அதற்கு ஆடி வரை பொறுங்கள். முட்டைகோஸ், காலிஃபிளவர், கேரட்டுக்கும் சமவெளியில் இது காலமல்ல.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 வெண்டை, 6 கத்தரி, 8 தக்காளி, 4 மிளகாய், இரண்டு வரிசை கொத்தவரை, பந்தலுக்கு இரண்டு குழி, மூன்றுக்கு நான்கு அடியில் ஒரு கீரைப் பாத்தி போதும். வெண்டையை ஐந்தாறு செடி மட்டும் வைத்தால் ஒரு நாளும் ஒரு குழம்புக்கு ஆகும் காய் சேராது.

மண்ணும் பாத்தியும்

காய்கறிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும்; கீரைக்கு நான்கு போதும். பந்தலை மேற்குப் பக்கத்தில் போடுங்கள். தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், சித்திரையில் நண்பகலில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். அப்போது செடியை வாட்டுவது பிற்பகல் மேற்கு வெயில். பந்தல் அந்தப் பக்கம் இருந்தால் அதன் நிழல் தக்காளி மீதும் மிளகாய் மீதும் விழும்.

மண்ணைக் கொத்துவதற்கு முன் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் பதம். பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் நான்கு நாள் காய விடுங்கள். களிமண்ணை ஈரத்தோடு கொத்தினால் கட்டி கட்டியாக இறுகி, பட்டம் முடியும் வரை உடையாது. பதத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, ஒரு வாரம் வெயிலில் காயப் போடுங்கள். கோரைக்கிழங்கைக் கையாலேயே பொறுக்க வேண்டும். கொத்தில் நறுக்குப்பட்டால் ஒன்று பலவாகும்.

சதுர மீட்டருக்கு 2 கிலோ தொழு உரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கணக்கு. பத்துக்கு இருபது அடி இடம் சுமார் 18 சதுர மீட்டர். 36 கிலோ உரமும் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புண்ணாக்கும் ஆகும். தொழு உரம் கறுத்து, பொலபொலவென்று, மண்வாசனையோடு இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் சூடு தெரிந்தாலும் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தாலும் மக்கவில்லை என்று பொருள். அதைப் போட்டால் வேர் வெந்துபோகும், கரையான் ஏறும். கடற்கரை மணலாக இருந்தால் உரத்தை ஒன்றரை மடங்காக்கி, மக்கிய தென்னை நார்க்கழிவும் கலக்கலாம். மக்காத நார்க்கழிவு வேண்டாம். அதில் உப்பு இருக்கும்.

பலரும் செய்யும் பிழை மேட்டுப்பாத்தி. அது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏற்றது. கோடைக்குப் போகும் பட்டத்தில் மேட்டின் நான்கு பக்கமும் காய்ந்து, ஊற்றிய தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும். இப்போது வேண்டியது தாழ்பாத்தி: நடைபாதையைவிட ஒரு சாண் தாழ்வாக, அல்லது சமதளத்தில் சுற்றிலும் அரை அடி வரப்பு கட்டி அமைக்க வேண்டும். அகலம் மூன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கமிருந்தும் நடுவுக்குக் கை எட்ட வேண்டும். மிதிபட்ட மண்ணில் வேர் இறங்காது.

விதைப்பும் நடவும்

பழைய விதையாக இருந்தால் பத்தை ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். ஏழு முளைத்தால் விதைக்கலாம். நான்குதான் என்றால் புதிது வாங்குங்கள். விதையைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்து, சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூள் ஒரு சிட்டிகையில் புரட்டி, அரை மணி நிழலில் உலர்த்தி ஊன்றினால் நாற்றழுகல் குறையும்.

வெண்டையை முதல் நாள் இரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு, குழிக்கு இரண்டு விதையாக 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். நான்கு முதல் ஆறு நாளில் முளைக்கும். பத்தாம் நாள் வலுத்ததை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். கொத்தவரைக்கு ஒன்றரை அடி வரிசையும் அரை அடி இடைவெளியும் போதும்.

பாகல் விதையின் தோல் கெட்டி. ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி ஊன்றினால் எல்லாம் ஒரே சமயத்தில் வரும். ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு 5 கிலோ தொழு உரம் கலந்து நிரப்பி, நான்கு விதை போட்டு, பிறகு இரண்டை மட்டும் விடுங்கள். குழிக்குக் குழி ஆறு அடி. பந்தலும் ஆறு அடி உயரம் இருந்தால் கீழே நின்று பறிக்கலாம். கொடி பந்தலை எட்டும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள்.

கீரை விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, கையால் லேசாக மண்ணைக் கிளறி மூடினால் போதும். மூன்று நாள் வைக்கோல் போர்த்தி, பூவாளியால் தெளியுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவினால் அது அங்கேயே நின்றுவிடும். பாத்தியைப் பாதியாகப் பிரித்து, பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்தால் கீரை விட்டுப்போகாமல் கிடைக்கும்.

நாற்று நடுவது மாலை நான்கு மணிக்கு மேல். தட்டை முதலில் நனைத்து, வேர்மண் உடையாமல் எடுக்க வேண்டும். கத்தரிக்கு இரண்டடிக்கு இரண்டடி, தக்காளிக்கு இரண்டடிக்கு ஒன்றரை. தக்காளியின் தண்டை முதல் இலை வரை புதைக்கலாம், அந்தத் தண்டிலிருந்தும் வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தட்டில் இருந்த மட்டமே சரி.

தண்ணீரும் மூடாக்கும்

கோடைத் தோட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். செடி ஒரு சாண் உயர்ந்ததும் மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலக் கனம் வேண்டும். தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போடுங்கள். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். மாசி பாதிக்குள் இதை முடித்துவிட வேண்டும். சூடேறிக் காய்ந்த மண்ணை மூடினால் பலன் பாதிதான். ஈரமாக இருக்கும்போது மூடினால்தான் ஈரம் உள்ளே நிற்கும்.

மாசியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், பங்குனி சித்திரையில் 5 முதல் 6 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். 18 சதுர மீட்டருக்குச் சித்திரையில் நாளுக்கு நூறு லிட்டர் ஆகிவிடும். அவ்வளவு தண்ணீர் கிடைக்காத வீடு என்றால் இடத்தைப் பாதியாகக் குறைத்து நடுவது நல்லது. பத்து செடிக்கு வயிறு நிறையக் கொடுத்தால் இருபது செடியை அரைப் பட்டினி போட்டதைவிட அதிகம் காய்க்கும். அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர் எல்லாம் போகலாம். பாத்திரம் கழுவிய சோப்பு நீரைப் பாத்தியில் விட வேண்டாம்.

தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை எட்டு மணிக்குள், இரட்டிப்பாக ஊற்றுங்கள். மேலே மட்டும் நனைந்தால் வேர் மேலேயே படரும். அதுதான் பங்குனியில் வாடும் செடி. மணல் மண்ணில் மட்டும் தினமும் விட வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் மூடாக்கை விலக்கி விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். நண்பகலில் பூசணி, சுரை இலைகள் தொங்குவதைக் கண்டு தண்ணீர் விடாதீர்கள், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர்க் குறை, அல்லது வேரில் நோய்.

நான்கு நாள் காய விட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக விட்டால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழும். சீரில்லாத தண்ணீரால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான் காரணம். தண்ணீர் சீரானதும் அடுத்த காய்கள் நன்றாக வரும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருந்தால் இலை ஓரம் கருகும். அப்போது பத்து நாளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும்.

நட்ட இருபதாம் நாளும், பிறகு மாதம் ஒருமுறையும் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் தெளிக்கலாம். அதற்கு மேல் சத்து ஏற்றினால் கொடி தழைக்கும், பிஞ்சு குறையும்.

பந்தலும் பூச்சியும்

கொடியில் முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூ மட்டும் வந்து உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். அது மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பாகல், பூசணி, வெள்ளரிக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும்; பீர்க்கை, சுரை, புடலை மாலையில் மலர்வதால் அவற்றுக்கு அந்திநேரம்.

பாகலும் பீர்க்கையும் வளைந்து, உள்ளே புழு வைத்தால் அது பழ ஈ. பிஞ்சு பிடித்ததுமே காகித உறை கட்டுங்கள், பந்தலில் கியூலூர் பொறி (ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) ஒன்று தொங்கவிடுங்கள். மாமரத்துக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறி இந்த ஈயை இழுக்காது. விழுந்த காயை உரக்குழியில் போட்டால் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகி மறுபடி வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். முளைத்த இரண்டு வாரத்துக்குப் பூசணி இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டுக்குப் பனியீரத்தில் சாம்பல் தூவினால் போதும்.

கத்தரியில் ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு. வாட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி அழியுங்கள்; விட்டால் அதுவே காய்க்குள் போகும். வாரம் இருமுறை பார்ப்பதே இதற்கு மருந்து. மஞ்சள் தேமல் கண்ட வெண்டைக்கு மருந்து கிடையாது, அன்றே பிடுங்கிவிடுங்கள். மற்றச் செடிகளுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கம் படும்படி மாலை ஐந்துக்கு மேல் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். சித்திரை வறட்சியில் இலையடியில் மெல்லிய வலை பின்னும் சிவப்புச் சிலந்திக்கு, குழாய் நீரை வேகமாக அடித்துக் கழுவுவதே முதல் வைத்தியம்.

அக்கினி நட்சத்திரம் நெருங்கும்போது தக்காளி, மிளகாய், கீரைக்கு மேல் 35 சதவீத நிழல்வலை கட்டலாம். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வேண்டியதில்லை. வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்துவிடுங்கள். ஒரு காய் முற்றினாலும் செடி விதைக்குச் சத்தைத் திருப்பி, புதுப் பூவைக் குறைக்கும். காய்ப்பு ஓய்ந்த கத்தரியைப் பிடுங்காமல், வெயில் தணிந்து வைகாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்ததும் தரையிலிருந்து ஒரு அடி விட்டுச் சாய்வாக வெட்டி, இரண்டு கிலோ தொழு உரம் இட்டு நீர் விடுங்கள். புதுக் கிளை விட்டு ஆடியில் மறுபடி காய்க்கும்.