உடற்கூறு மேசையில் நூலுக்கு மாறான அமைப்பு தென்பட்டால்

முதலாண்டு மருத்துவ மாணவர்கள், கொடையாக வந்த உடல்களை அறுத்துப் பயிலும் டிசெக்‌ஷன் ஹாலில் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. பாடநூல் காட்டும் இடத்தில் தமனியோ நரம்போ கிடைக்காவிட்டால், தாங்களே அதை அறுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு பேசாமல் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்கள். அறுத்திருக்கவும் கூடும்; ஆனால் அந்த உடல் பிறவியிலேயே அப்படி அமைந்திருக்கவும் கூடும். இவற்றைப் பிரித்தறியும் முறையையும், கண்டதைப் பிறருக்குப் பயன்படும்படி பதிவு செய்யும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

கத்தியை எடுப்பதற்கு முன் உங்கள் கையிலேயே தொடங்குங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க முன்னங்கையை மேசைமீது வைத்து, கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் தோலுக்கடியில் மெல்லிய கயிறு போல ஒரு தசைநாண் புடைத்தால் அது பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் முன்னங்கைத் தசையினுடையது. புடைக்காவிட்டால் அந்தத் தசையே உங்களுக்கு இல்லாதிருக்கலாம். ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் போகலாம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு ஒரு கையிலேனும் இது இருப்பதில்லை. இல்லாததால் பெரிய குறை ஏதும் நேர்வதில்லை என்பதால், வேறிடத்தில் சிதைந்த தசைநாணுக்கு மாற்றாக இதை எடுத்துப் பொருத்துகிறார்கள். அந்தத் தசையே இல்லாத கையில், அடியில் ஓடும் நடுநரம்பைத் தசைநாண் என்று நினைத்து வெட்டி எடுத்துவிட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மாறுபாடுகளை அறிந்து வைத்திருப்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்ததாக, எதிர்பார்ப்பது கண்ணை எப்படி மறைக்கும் என்பதை உணர வேண்டும். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் குரங்கு, பன்றி, மாடு ஆகியவற்றை அறுத்துப் பார்த்து எழுதியவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மனித உடலின் உண்மையாகவே கற்பிக்கப்பட்டன. மூளையின் அடியில் நுண்தமனிகளால் ஆன ‘அற்புத வலை’ ஒன்று இருப்பதாக அவர் சொன்னது அவற்றில் ஒன்று. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது உண்டு, மனிதருக்கு இல்லை. இத்தாலியின் பதுவாவில் உடற்கூறு கற்பித்த ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், 1538இல் வெளியிட்ட படங்களில் அந்த வலையையும் மனிதருக்கு இல்லாத ஐந்து மடல் கொண்ட கல்லீரலையும் தாமே வரைந்திருந்தார். மனிதத் தலையில் காட்ட முடியாத வலையை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். 1543இல் வெளிவந்த பெருநூலில் அந்த வலையை மறுத்தபோது, இத்தனை காலம் கேலனை நம்பிய தம் மடமையை நினைத்து வியப்பதாக மறைக்காமல் எழுதினார். அத்தனை கூரிய கண்ணும், நூலில் இருந்ததையே சில ஆண்டுகள் உடலில் கண்டுகொண்டிருந்தது.

இனி மேசைக்கு வருவோம். மாறுபாடு என்று ஐயம் எழுந்த கணத்தில் வெட்டுவதை நிறுத்துங்கள். வலம் இடம் எழுதும்போது அந்த உடலின் வலத்தையே குறியுங்கள், எதிரே நிற்கும் உங்கள் வலத்தை அல்ல. பிறகு கத்தியை வைத்துவிட்டு, ஃபோர்செப்ஸ் எனும் இடுக்கியாலும் விரல் நுனியாலும் கொழுப்பை மெல்ல விலக்கி, அந்த அமைப்பைத் தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை பின்தொடருங்கள். நடுவில் ஓர் அங்குலத்தைப் பார்த்துப் பெயர் சூட்டக்கூடாது.

எடுத்துக்காட்டாக, வலக்கைக்குச் செல்லும் சப்கிளேவியன் தமனி வழக்கமான பொதுத்தண்டிலிருந்து பிரியாமல், பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாக இடப்புறத்தில் தோன்றி, பெரும்பாலும் உணவுக்குழாயின் பின்னால் குறுக்கே கடந்து வலப்புறம் போவதுண்டு. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இப்படி அமையும். பலருக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லை தராது. சிலருக்கு விழுங்குவதில் சிரமம் ஏற்படும். இதைக் கண்டால் அத்தோடு நிற்காமல், அதன் துணை மாற்றத்தையும் தேடுங்கள். வழக்கமாக அந்தத் தமனியின் அடியில் வளைந்து மேலேறும் வலக் குரல்வளை நரம்பு, இங்கே கொக்கி போட இடமின்றி, மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து கழுத்திலேயே பிரிந்து நேராகக் குரல்வளைக்குப் போயிருக்கும். தைராய்டு அறுவையின்போது இதை எதிர்பார்க்காத கை அந்த நரம்பை வெட்டினால் நோயாளியின் குரல் கெடும். குதிரைலாட வடிவில் இரு சிறுநீரகங்களும் இணைந்திருந்தாலும் இதே முறைதான்: இணைப்புப் பகுதியின் மேல்விளிம்பருகே கீழ்க்குடல் தமனியைத் தேடுங்கள், கருவில் மேலேறி வந்த சிறுநீரகத்தைப் பெரும்பாலும் அதுதான் தடுத்து நிறுத்தியிருக்கும்.

ஓர் உறுப்பே காணவில்லை என்றால், பிறவிக் குறை என்று முடிவுகட்டும் முன் தோலில் அறுவைத் தழும்பு உண்டா என்று பாருங்கள். எடுக்கப்பட்ட சிறுநீரகத்தின் இடத்தில் கட்டப்பட்ட இரத்தக்குழாய்களின் அடிமுனைகள் எஞ்சியிருக்கும். பிறவியிலேயே உருவாகாதிருந்தால் அந்தப் பக்கத்துச் சிறுநீர்க்குழாயும் பெரும்பாலும் இருக்காது.

பதிவில் முதலில் கையால் ஒரு படம் வரையுங்கள். வரையும்போதுதான் பார்க்கத் தவறியது தெரியவரும். நீளத்தையும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, மாறாத ஓர் எலும்பு முனையிலிருந்து உள்ள தூரத்தையும் குறியுங்கள். ஒளிப்படம் எடுப்பதானால் துறைத்தலைவரின் அனுமதி பெற்று, அளவுகோலை அருகில் வைத்து, முகமோ அடையாளமோ தெரியாதபடி எடுங்கள். தன் உடலைக் கொடையாகத் தந்தவரின் பெயர் உங்கள் குறிப்பேட்டில் எங்கும் வரக்கூடாது. துறை தந்த எண் போதும். இருபது உடல்களில் ஒன்றில் கண்டதை வைத்து ஐந்து விழுக்காடு என்றும் எழுதிவிடாதீர்கள். ‘ஓர் உடலில், வலப்புறத்தில்’ என்று மட்டும் எழுதி, இன்னொரு மாணவரை அழைத்து உங்கள் படத்தை உடலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்ன பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள்.