விட்டு விட்டுக் கனக்கும் ஸ்டீயரிங்: பழைய புரோபாக்ஸ், விட்ஸில் பழுதைப் பிடிப்பது எப்படி

காலையில் வண்டியை எடுக்கும்போது மஞ்சள் பி/எஸ் (பவர் ஸ்டீயரிங்) விளக்கு எரிகிறது, ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கிறது. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் லேசாகச் சுற்றுகிறது. ஒர்க்‌ஷாப் வாசலுக்குக் கொண்டுபோனால் பழுது காட்டவே காட்டாது. உடனே ஸ்டீயரிங் தண்டை மோட்டாரோடு முழுசாக மாற்றச் சொல்வார்கள். யாங்கோனில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் கிடைக்கும்தான். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். வந்து வந்து போகும் பழுது என்றால் முதல் சந்தேகம் கரண்ட் போகும் பாதைமேல்தான் விழ வேண்டும்.

டொயோட்டாவின் இந்த வண்டிகளில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் எண்ணெய் பம்ப் கிடையாது. உதவுவது மின்சாரம், அதைத்தான் ஈ.பி.எஸ். என்கிறார்கள். ஸ்டீயரிங் தண்டில் ஒரு மோட்டார், கை கொடுக்கும் முறுக்கை அளக்கும் ஒரு சென்சார், டாஷுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மோட்டார் 40 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரால் அவ்வளவும் கொடுக்க முடியாது, மீதியைப் பேட்டரிதான் தாங்குகிறது. அதனால்தான் கிழட்டுப் பேட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடும், வண்டியைத் திருப்பும்போது கைவிடும். மின்வெட்டு நாளில் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கழற்றிப் போட்டுத் திரும்பப் பூட்டிய பேட்டரியானால் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது.

எப்போது வருகிறது என்பதை ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓட, ஐடிலில் திருப்பும்போது என்றால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், பெல்ட். பள்ளத்தில் விழும்போது என்றால் தளர்ந்த கனெக்டர் அல்லது எர்த் (மைனஸ் பக்க வயர் இணைப்பு). ஓடும்போது மட்டும் விளக்கு வந்து, கூடவே ஸ்பீடோமீட்டர் முள்ளும் துள்ளினால் வேக சிக்னல். நெரிசலான சந்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை ஒடித்தபின் விளக்கே எரியாமல் கனத்தால் அது பழுதே அல்ல. மோட்டார் சூடாகாமலிருக்கக் கம்ப்யூட்டரே உதவியைக் குறைக்கிறது. பத்து நிமிடம் ஸ்டீயரிங்கைத் தொடாமல் விட்டால் பழையபடி ஆகிவிடும்.

மல்டிமீட்டரை எடுங்கள். இரவு நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் சுமார் காட்ட வேண்டும். ஸ்டார்ட் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை. மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த வேலை.

பலர் தவறுவது இங்கேதான். வயரை ஓம்ஸில் அளந்து "0.3, நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே அந்த 0.3 வந்துவிடும். 40 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.025 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும், அந்த இடம் 40 வாட் சூடாகும். ஓம்ஸ் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. எனவே லோடில், அதாவது மோட்டார் கரண்ட் இழுக்கும்போதே, வோல்ட்டில் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே (கிளாம்பில் அல்ல) அழுத்துங்கள். சிவப்பு முனையை ஈ.பி.எஸ். கம்ப்யூட்டரின் எர்த் வயருக்கு, கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசி விட்டுத் தொடுங்கள். எஞ்சின் ஓட, இன்னொருவர் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் ஒடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. 0.5-க்கு மேல் ஏறினால் எர்த்தில் குறை. அதேபோல் பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் கம்ப்யூட்டரின் தடித்த பவர் வயருக்கும் நடுவில் அளங்கள். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம். ஒரே தடவை ஒடித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒடித்துக்கொண்டே வயர்களை ஒவ்வொன்றாக அசையுங்கள், எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே பிடியுங்கள்.

குறை எர்த்தில் என்றால் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் வயர்களின் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே வாஸலின் பூசுங்கள். பிளஸ் பக்கமானால் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கப் படத்தில் ஈ.பி.எஸ். என்று எழுதிய பெரிய ஃபியூஸைத் தேடுங்கள், பெரும்பாலும் 50 அல்லது 60 ஆம்பியர். அது அறுந்திருக்காது, ஆனால் அதன் காலடியில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் திருகு தளர்ந்து அங்கேதான் சூடேறுகிறது.

சில பழைய டொயோட்டாக்களில் கோடு (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுது எண்) படிக்கப் பெரிய ஸ்கேனர் தேவையில்லை. சாவியை அணைத்துவிட்டு, டாஷுக்குக் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டில் மேல் வரிசை 4-ஐயும் கீழ் வரிசை 13-ஐயும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சாவியைப் போடுங்கள். பி/எஸ் விளக்கு ஒரே சீராக வேகமாகச் சிமிட்டினால் கோடு இல்லை. இரண்டு எண்ணாகச் சிமிட்டினால் எண்ணுங்கள்: 11 முதல் 14 வரை முறுக்கு சென்சார், 21 முதல் 24 வரை மோட்டார், 31 முதல் 33 வரை கம்ப்யூட்டர், 41-உம் 42-உம் வேக சிக்னல், 51-உம் 52-உம் பவர் வரவு. 16-ஆம் முள் நேரடிப் பேட்டரி, வயர் அங்கே பட்டால் ஃபியூஸ் போய்விடும். கோடு 21 வந்தால் மோட்டார்தான் குற்றவாளி என்று உடனே சொல்லிவிடாதீர்கள். வோல்ட் விழுந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தவறாகவும் பழி போடும்.

நம் ஊரில் தண்ணீர் தனிக் கதை. வைகாசியில் பிடித்த மழை ஐப்பசி வரை விடாது. ஏப்ரலில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில் ஜன்னல் வழியாக டாஷ் மேலேயே வாளி கவிழும். மழைக்கு இரண்டொரு நாள் கழித்து வரும் பழுதென்றால் முன் கண்ணாடியடியில் இலைகள் அடைத்திருக்கிறதா, ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து முன் சீட் காலடிக் கம்பளம் ஈரமாகிறதா என்று பாருங்கள். கனெக்டரைப் பிரித்தால் முள்ளில் பச்சைக் களிம்பு தெரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, முள்ளின் பிடி தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

கரண்ட் பாதை சுத்தம், விளக்கு மட்டும் இன்னும் வருகிறது என்றால் சென்சார். பல டொயோட்டாக்களில் அதன் இரண்டு சிக்னல் வயர்களும் ஸ்டீயரிங்கைத் தொடாதபோது 2.3 முதல் 2.7 வோல்ட்டுக்குள் இருக்கும், வலப்பக்கம் முறுக்கினால் ஏறும், இடப்பக்கம் இறங்கும். மெதுவாக முறுக்கும்போது இரண்டும் சேர்ந்து ஓடாமல் ஒன்று மட்டும் துள்ளினால் தண்டு மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்தால் ஓட்டாதீர்கள். ஈ.பி.எஸ். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கனமாகவே மெதுவாக ஒர்க்‌ஷாப் போகலாம். மோட்டார் வேறு மாதிரி: ஒரு குறிப்பிட்ட நிலையில் நின்றால் உதவி வராது, ஸ்டீயரிங்கைச் சற்று அசைத்ததும் வந்துவிடும். கார்பன் பிரஷ் தேய்ந்ததன் அடையாளம் அது.

விளக்கே எரியாமல் எப்போதும் ஒரே கோணத்தில் பிடித்தால் மின்சாரத்தை விட்டுவிடுங்கள். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்து ஸ்டீயரிங்கைச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இறுகினால் கீழ்த்தண்டின் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும், முதலில் அதை அடியுங்கள்.

தண்டு மாற்றுவதானால் பேட்டரியைக் கழற்றி 90 வினாடி காத்திருங்கள், ஏர்பேக் உண்டு. ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவைக்காமல் கீழ் ஜாயின்ட்டைப் பிரித்தால் அது தானாகச் சுழன்று உள்ளே ஏர்பேக்குக்குப் போகும் சுருள் நாடா வயர் அறுந்துவிடும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் புதிதாகப் போடும் சென்சாரும் கெடும். பொருத்தியதும் கோடு 15 வந்தால் பதற வேண்டாம், சென்சாரின் பூஜ்ய நிலை (ஸ்டீயரிங்கை யாரும் முறுக்காத நிலை) பதியவில்லை என்றே அர்த்தம். சக்கரங்களை நேராக்கி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஸ்கேனரில் பூஜ்யம் பதியச் சொல்லுங்கள். பதியும்போது யாரும் கதவைச் சாத்தி வண்டியை ஆட்ட வேண்டாம்.