கிளெமாட்டிஸ்: செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள்

கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியை வளர்ப்பதில் தண்ணீர் மறப்பது, நத்தைக்குத் துளிரைத் தின்னக் கொடுப்பது போன்ற தவறுகள் எல்லாம் ஒரு கோடையிலேயே தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம். கீழே உள்ள தவறுகள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடப்பவை. மாதக் கணக்கு இங்கிலாந்துக்கானது. கனடாவில் கவாத்தைப் பனி விலகி மொட்டு வீங்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

மேலாக நடுவது

ஊரில் ஒட்டு ரோஜாவும் ஒட்டு மாவும் நட்டுப் பழகியவர்களுக்கு ஒரு பாடம் கையில் ஊறியிருக்கும்: ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும், தண்டை மண் மூடக்கூடாது. பெரிய பூ பூக்கும் கிளெமாட்டிஸுக்கு இது அப்படியே தலைகீழ். தொட்டியிலிருந்து வேரோடு வரும் மண்கட்டியின் மேல்மட்டம் தோட்ட மண்ணுக்கு 5 முதல் 6 செ.மீ. கீழே இறங்கவேண்டும். தண்டின் அடிக்கணு ஒன்றிரண்டு மண்ணுக்குள் போகவேண்டும்.

காரணம், வாடல் நோய். கேலோஃபோமா கிளெமாடிடினா என்ற பூஞ்சை இலையிலோ கணுவிலோ புகுந்து தண்டை அடைக்கிறது. அதற்கு மேலே உள்ள பகுதிக்குத் தண்ணீர் ஏறாது. வேரை அது பெரும்பாலும் தொடுவதில்லை. மண்ணுக்கு மேலே இருப்பது முழுக்கக் கருகினாலும், புதைந்த கணுவில் உறங்கும் மொட்டு துளிர்த்து எழும். மேலாக நட்ட செடிக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். மே கடைசி, மொட்டுகள் விரியும் தறுவாய். முந்தின நாள் வரை செழித்திருந்த கொடியில் ஒரு தண்டு மட்டும் தலை தொங்கி நிற்கும். தாகம் என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். இலைக்காம்பும் நரம்பும் கறுத்துக்கொண்டே போகும். அடுத்த வாரம் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நர்சரியில் இன்னொன்று வாங்கி, அதே குழியில் அதே மேல்மட்டத்தில் நடுவார்கள். அடுத்த மே மாதமும் இதே காட்சி. உயிருள்ள வேரைக் காசு கொடுத்துக் குப்பைக்கு அனுப்பும் இந்த வேலையைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

தாகமானால் செடி முழுவதும் துவளும், தண்ணீர் விட்டதும் நிமிரும். வாடல் நோய் ஒரு தண்டிலோ சிலவற்றிலோ தொடங்கும், நிமிராது. தண்டைக் கீறினால் உள்ளே கறுப்பு. காற்றில் முறுக்கி ஒடிந்த தண்டும் இப்படியே தொங்கும் என்பதால் முதலில் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். நோய்தான் என்றால், உள்ளே வெளுப்பாக நல்ல திசு தெரியும் வரை வெட்டுங்கள். தேவைப்பட்டால் தரைமட்டம் வரை. வெட்டியதையும் உதிர்ந்த இலையையும் மட்குக் குவியலில் போடாதீர்கள். கத்தரியைக் கிருமிநாசினியில் துடையுங்கள். பிறகு மண்ணை ஈரமாக வைத்து, அடுத்த கோடை முடியும் வரை காத்திருங்கள்.

ஏற்கெனவே மேலாக நட்டிருந்து செடிக்கு ஓரிரு வயதே ஆகியிருந்தால், பிப்ரவரி கடைசியில் மண்கட்டி உடையாமல் தோண்டி ஆழப்படுத்தலாம். இலையுதிராத ஆர்மாண்டி, சீக்கிரம் பூக்கும் அல்பினா, கொடியாக ஏறாத செடி வகைகள் ஆகியவற்றை மட்டும் புதைக்காமல் மண்மட்டத்திலேயே நடவேண்டும். வாடல் ஓயாமல் வரும் தோட்டமா? விட்டிசெல்லா வகைக்கு மாறுங்கள். அதை இந்த நோய் அவ்வளவாக அண்டாது.

பிரிவு தெரியாமல் கவாத்து

செடியோடு வந்த பெயர் அட்டையைத் தூக்கி எறிந்தவர்களுக்கு வரும் துன்பம். எப்போது பூக்கிறது, எப்படி வெட்டுவது என்பதை வைத்து கிளெமாட்டிஸை மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள். முதல் பிரிவு, மோன்டானா, அல்பினா: சென்ற ஆண்டுத் தண்டில் வசந்தத்தில் பூக்கும். பிப்ரவரியில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. பூத்து முடிந்ததும், இடம் போதாவிட்டால் மட்டும் வெட்டுங்கள். இரண்டாம் பிரிவு, நெல்லி மோசர், தி பிரசிடென்ட்: பிப்ரவரி, மார்ச்சில் நுனியிலிருந்து கீழே வந்து, முதல் நல்ல மொட்டு ஜோடிக்கு மேல் லேசாக. மூன்றாம் பிரிவு, ஜாக்மனி, விட்டிசெல்லா: அதே மாதங்களில் 30 செ.மீ. விட்டு மொத்தமும். இதை வெட்டாமல் விட்டால் அடி மொட்டையாகி, பூ பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அட்டை தொலைந்துவிட்டதா? ஓர் ஆண்டு வெட்டாமல், எப்போது பூக்கிறது என்று பாருங்கள்.

முதல் பிப்ரவரியில் மனம் வராமல் நிற்பது

எந்தப் பிரிவானாலும், நட்ட பின் வரும் முதல் வசந்தத்தில் 30 செ.மீ. உயரத்தில் நல்ல மொட்டுக்கு மேலே வெட்டுங்கள். விட்டால் ஒற்றைத் தண்டு, உச்சியில் நாலு பூ.

சுவரை ஒட்டி நடுவது

சுவரடியில் மழை விழாது. 30 முதல் 45 செ.மீ. தள்ளிக் குழி வெட்டி, செடியைச் சுவர்பக்கம் சாய்த்து நடுங்கள். வேர்ப்பகுதிக்கு மூடாக்கு வேண்டும், தண்டில் முட்டாமல்.

தடித்த கம்பம்

கிளெமாட்டிஸ் இலைக்காம்பால் பிடித்துச் சுற்றித்தான் ஏறும். அந்தக் காம்பு பென்சிலைச் சுற்றும், வேலிக்கம்பத்தைச் சுற்றாது. கம்பியோ வலையோ கட்டுங்கள்.

தழைச்சத்தை வாரி இறைப்பது

இலைதான் வரும். பூவுக்குத் தக்காளிச் செடிக்கென்று விற்கும் உரம், மொட்டு தெரியும் வரை.

வெறுங்கை

சாறு தோலை எரிக்கும். கையுறை போடுங்கள்.

நெல்லி மோசரைத் தெற்குச் சுவரில் ஏற்றுவது

வெளுத்துப்போகும். கிழக்குச் சுவரோ வடக்குச் சுவரோ போதும்.