ஒரே ரிப்போர்ட் கார்டு, மூன்று ஜிபிஏ

அமெரிக்காவில் எந்த ஊரில் வந்து இறங்கினாலும், வீட்டில் ஒன்பதாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளை இருந்தால், சில மாதங்களுக்குள் ஜிபிஏ (மதிப்பெண் புள்ளிகளின் சராசரி) என்ற பேச்சு காதில் விழுந்துவிடும். வார இறுதி விருந்தில் ஒருவர் தம் மகளுக்கு 4.4 என்பார். மொத்தமே நான்குக்குத்தானே, அது எப்படி நான்கைத் தாண்டியது என்று கேட்கத் தயங்கித் தலையாட்டிவிட்டு வருவோம். இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புச் சராசரிக் கணக்குதான். யார், எதற்காகப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுவதுதான் குழப்பம்.

அடிப்படை இது: ஏ என்றால் 4, பி என்றால் 3, சி 2, டி 1, எஃப் 0. பல பள்ளிகளில் 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி. சில பள்ளி மாவட்டங்களில், அதாவது ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களில், ஏ வாங்க 93 வேண்டும். பிளஸ், மைனஸ் போடும் பள்ளிகளில் ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி மைனஸ் 2.7 என்று இறங்கும். எல்லாப் பாடங்களின் புள்ளிகளையும் கூட்டி, பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஜிபிஏ. ஒரு பாடத்தின் அளவைக் கிரெடிட் என்று குறிக்கிறார்கள். அரை கிரெடிட் பாடம் இருந்தால் அதன் புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஒரு பாடத்துக்கு அரையாண்டுக்கு 5 கிரெடிட், பல மாநிலங்களில் ஆண்டுக்கு 1 கிரெடிட் என்று இருக்கும். எண் பெரிதாகத் தெரிகிறதே என்று மிரள வேண்டாம், விகிதம் ஒன்றுதான்.

கலிபோர்னியாவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் அரையாண்டை எடுத்துக்கொள்வோம். ஹானர்ஸ் என்பது அதே பாடத்தின் கடினமான வடிவம், ஏபி என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். ஆங்கிலம் பி பிளஸ், அல்ஜீப்ரா 2 ஹானர்ஸ் ஏ மைனஸ், ஏபி உலக வரலாறு பி, வேதியியல் ஏ, ஸ்பானிஷ் பி, உடற்கல்வி ஏ. புள்ளிகள் 3.3, 3.7, 3, 4, 3, 4. கூட்டினால் 21, ஆறால் வகுத்தால் 3.5. இது அன்வெயிட்டட், அதாவது பாடத்தின் கடினத்தைக் கணக்கில் எடுக்காத ஜிபிஏ.

பல பள்ளிகள் ஹானர்ஸ் பாடத்துக்கு அரைப் புள்ளியும் ஏபிக்கும் அதைப் போன்ற ஐபி பாடங்களுக்கும் ஒரு புள்ளியும் கூட்டித் தருகின்றன. அப்படிப் பார்த்தால் மொத்தம் 22.5, ஜிபிஏ 3.75. விருந்தில் கேட்ட 4.4 இந்த வெயிட்டட் வகைதான். பாடங்களை ஏபியாக அடுக்கினால் நான்கைத் தாண்டுவதில் மாயம் எதுவும் இல்லை.

இதே மாணவி கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, எல்லோரும் யூசி என்று சொல்லும் அந்த நிறுவனத்துக்கு, விண்ணப்பிக்கும்போது மூன்றாவது எண் பிறக்கிறது. யூசி பிளஸ், மைனஸைப் பார்ப்பதில்லை. உடற்கல்வியைச் சேர்ப்பதில்லை. தான் ஒப்புதல் அளித்த பாடங்களை மட்டும், அதிலும் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்தவற்றை மட்டும் கணக்கில் கொள்கிறது. ஏபிக்கு ஒரு புள்ளி கூட்டுவார்கள். ஹானர்ஸுக்குக் கூட்ட வேண்டுமென்றால் அந்தப் பாடம் யூசியின் ஹானர்ஸ் பட்டியலில் இருக்க வேண்டும். நம் மாணவியின் அல்ஜீப்ரா அதில் இல்லை என்று வைத்துக்கொண்டால் 3, 4, 4, 4, 3. மொத்தம் 18, ஐந்தால் வகுக்க 3.6. கூடுதல் புள்ளிக்கும் உச்சவரம்பு உண்டு: மொத்தம் எட்டு அரையாண்டுப் பாடங்கள், அதில் பத்தாம் வகுப்பில் படித்தவை நான்குக்கு மேல் சேராது. மாநிலத்தில் வசிப்பவர்கள் விண்ணப்பிக்கவே குறைந்தது 3.0 வேண்டும், வெளிமாநிலத்தவருக்கு 3.4.

ஆக, ஒரே ரிப்போர்ட் கார்டுக்கு 3.5, 3.75, 3.6. மூன்றும் சரி. யாராவது எண் சொன்னால், எந்தக் கணக்கு என்று கேளுங்கள். விருந்தில் கேட்க வேண்டாம், விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது கேட்டால் போதும்.

நம்மவர்களை உண்மையில் கவிழ்ப்பது வேறொன்று. நமக்குப் பழகியது பொதுத்தேர்வு. ஒன்பதில் விளையாடினாலும் பன்னிரண்டில் விழுந்து விழுந்து படித்துக் கரையேறிவிடலாம். இங்கே ஒன்பதாம் வகுப்பின் முதல் அரையாண்டே டிரான்ஸ்கிரிப்ட் என்ற மொத்த மதிப்பெண் பதிவில் ஏறி, கடைசி வரை பள்ளிச் சராசரியில் உட்கார்ந்திருக்கும். அரையாண்டுக்கு ஆறு பாடம் என்று வையுங்கள். பத்தாம் வகுப்பு முடியும்போது 24 பாடங்களில் சராசரி 3.0. பதினொன்று முடிவதற்குள் அதை 3.5 ஆக்க, மீதி 12 பாடங்களில் சராசரி 4.5 வேண்டும். எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் அன்வெயிட்டட் கணக்கில் நடக்காது. அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே விழித்துக்கொண்டு அடுத்த இரண்டு ஆண்டும் ஏ வாங்கினால் 3.67 வரை வந்துவிடலாம். சில மாவட்டங்களில் எட்டாம் வகுப்பில் படித்த அல்ஜீப்ராகூட உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் சேரும் என்பதால், நடுநிலைப் பள்ளியில் பிள்ளை இருப்பவர்களும் விசாரித்து வைப்பது நல்லது.

இன்னொரு கண்ணி, வீட்டுப்பாடம். தேர்வில் நன்றாக எழுதிவிட்டேனே என்று பிள்ளை சொல்லும். பள்ளியின் இணையதளத்தைத் திறந்தால் நான்கு வேலைகளுக்கு 95, ஒன்றுக்கு 0. ஒப்படைக்கவில்லை. ஐந்துக்கும் சம மதிப்பு என்றால் சராசரி 76, அதாவது சி. பாடம் புரியாமல் வந்த சி இல்லை இது, மறந்துபோனதால் வந்த சி. தாமதமாகக் கொடுத்தாலும் சில ஆசிரியர்கள் பாதி மதிப்பெண்ணாவது தருவார்கள். அந்த இணையதளத்தில் நுழையப் பெற்றோருக்கென்று தனிக் கணக்கு உண்டு, பள்ளியில் கேட்டு முதல் வாரமே வாங்கிவிடுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நாள்தோறும் பார்த்துக் கேள்வி கேட்டால் வீட்டில் நிம்மதி போய்விடும்.

ஊரிலிருந்து நடுவில் வரும் பிள்ளைகளின் கதை தனி. நம் ஊரில் 60க்கு மேல் முதல் வகுப்பு, 75 மரியாதையான மதிப்பெண். இங்குள்ள கண்ணுக்கு 75 என்றால் சி. அதற்காக நூற்றுக்கு வாங்கியதை 25ஆல் வகுத்து நீங்களே ஒரு ஜிபிஏ உருவாக்க வேண்டாம். யூசி விண்ணப்பமே, வெளிநாட்டு மதிப்பெண்களை மாற்றாமல் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்கிறது. பழைய பாடங்களுக்குக் கிரெடிட் மட்டும் கொடுத்து மதிப்பெண்ணைச் சேர்க்காத பள்ளி மாவட்டங்கள் உண்டு, மதிப்பெண்ணை எழுத்தாக மாற்றிச் சேர்ப்பவையும் உண்டு. எப்படியானாலும் அவர்களுக்குக் காகிதம் வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாரியம் தருவது, எப்போது வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். ஒன்பதும் பதினொன்றும் பள்ளியின் கையில் இருப்பவை. பாடவாரியான மதிப்பெண், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை ஆகியவற்றுடன் இரண்டு மூன்று பிரதிகள் ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டே விமானம் ஏறுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் ஜிபிஏவின் கனமும் மாறும். டெக்சஸில் 1997இல் வந்த சட்டப்படி வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் அதைவிடக் குறைந்த விழுக்காட்டை வைத்திருக்கிறது. அதனால் அங்கே அடுத்த இருக்கைப் பிள்ளையின் எண்ணும் முக்கியமாகிவிடுகிறது. ஜார்ஜியாவில் ஹோப் என்ற மாநிலக் கல்லூரி உதவித்தொகைக்கு 3.0 வேண்டும், அதையும் மாநில அமைப்பே தன் முறைப்படி கணக்கிடுகிறது.

டி, எஃப் வந்துவிட்டால் உலகம் முடிந்துவிடவில்லை. கோடை வகுப்பில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்தால் யூசி புதிய மதிப்பெண்ணை ஏற்கிறது. சியை ஏ ஆக்கலாம் என்று திரும்ப எடுப்பதில் மட்டும் அங்கே பலன் இல்லை.

பிறமொழிப் பாடத்துக்கு ஸ்பானிஷும் பிரெஞ்சும்தான் என்று நினைக்க வேண்டாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழுக்குக் கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் அதில் ஒன்றா, கிரெடிட் மட்டுமா அல்லது மதிப்பெண்ணும் ஜிபிஏவில் சேருமா என்று சேர்வதற்கு முன்பே கவுன்சிலரிடம், அதாவது பள்ளியின் ஆலோசகரிடம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே மின்னஞ்சலில், பள்ளி எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறது, எந்தப் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி, ஊரில் படித்தது எப்படிப் பதிவாகும் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். பதில் வர ஒரு வாரம் ஆகும், பொறுத்திருங்கள். பதினோராம் வகுப்பு இறுதியில் அதிகாரபூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்ட் ஒரு பிரதி வாங்கி, வரி வரியாகச் சரிபாருங்கள். விடுபட்ட பாடத்தைக் கோடைக்கு முன்பே சொன்னால் திருத்த நேரம் இருக்கும், கல்லூரி விண்ணப்பக் காலமான நவம்பரில் சொன்னால் கவுன்சிலரின் மேசையில் நூறு விண்ணப்பங்கள் இருக்கும்.